கொக்கி மட்டும்

மதியம் இரண்டு மணிக்கு என் இங்கிலீஷ் வகுப்பறைக்கு யாரும் வருவதில்லை. கீழே செருப்புக் கடை, மேலே நான். மாலை ஆறு மணிக்குத்தான் முப்பத்தெட்டுப் பேர் படியேறுவார்கள். அன்று ஒருத்தி ஏறி வந்தாள். மூச்சு வாங்க வாசலில் நின்று, பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“கடைசி பெஞ்சுல உக்காருவாளே, கார்மெண்ட்ஸ்ல தைக்கிறவ... நான் அவ அக்கா, சார். அவ நோட்டு வேணும்.”

“நாலு நாளா அவங்க வரவே இல்லையே. இருபதாம் தேதி இண்டர்வியூ. ஞாபகம் இருக்கா அவங்களுக்கு?”

“வாயத் தொறக்க முடியாது சார் அவளால. தாடையில கம்பி போட்டிருக்காங்க. படியில விழுந்துட்டாளாம், அவ புருஷன் சொல்றான்.” சற்று நின்றாள். “அவங்க வீடு தரையோட தரை. படியே கிடையாது.”

நான் டஸ்டரை வைத்தேன்.

“ஸ்டேஷன்ல, எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டாங்கன்னாங்க. ஆஸ்பத்திரியில அவகிட்ட கேட்டேன். நோட்டு மாதிரி கையை விரிச்சுக் காட்டினா. அப்புறம் இப்படிப் பண்ணினா.” அக்கா ஒரு விரலால் காற்றில் டிக் போட்டாள். என் டிக்தான். கடைசியில் வால் நீளும்.

இரண்டு மாதம் முன்பு அவள் சேர வந்த நாள் நினைவுக்கு வந்தது. பேரம் பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். அப்பாவுக்கு மொத்த வியாபாரத் துணிக்கடை. ஒருவன் கடைக்குள் கால் வைக்கும்போதே எவ்வளவுக்குப் படிவான் என்று சொல்லிவிடுவார். இவள் நான் சொன்ன கட்டணத்தை மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்துவிட்டு, நாளில் பேரம் பேசினாள். “மூணு மாசமா? ரெண்டு மாசத்துல முடியாதா சார்?” வேறு ஊர்க் கிளையில் சூப்பர்வைசர் வேலை, தங்க ஹாஸ்டல் உண்டு, இங்கிலீஷில் நாலு வார்த்தை கோத்துப் பேசினால் போதும் என்றாள். “ரெண்டரை” என்றேன். “ரெண்டு சார்” என்றாள். ஒப்புக்கொண்டேன். பணத்தை விட்டுவிட்டு நாளைக் குறைக்கிற முதல் கிராக்கி இவள்தான் என்று அன்று மாலை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

என் பாடம் எளிது. சமைத்தேன், துவைத்தேன், போனேன், வந்தேன் என்று எல்லோருக்கும் வினைச்சொல் தெரியும். அவற்றைச் சேர்க்கத்தான் தெரியாது. அண்ட், பட், ஸோ, பிகாஸ். அப்புறம் க்விக்லி, சடன்லி, ஸ்லோலி. “வினையெல்லாம் ரயில் பெட்டி. நடுவுல வர்ற சொல்லுதான் கொக்கி. பெட்டிக்குள்ள என்ன சரக்குன்னு நான் பாக்க மாட்டேன், கொக்கி மாட்டியிருக்கான்னு மட்டும்தான் பாப்பேன்” என்று முதல் நாளே சொல்வேன். வகுப்பு சிரிக்கும். அவளும் சிரித்தாள். தினமும் வீட்டுப்பாடம் ஒன்றுதான்: நேற்று உங்கள் வீட்டில் நடந்ததை ஐந்து வரியில் எழுதுங்கள். கற்பனை கூடாது. கற்பனைக்கு இங்கிலீஷ் பத்தாது.

முப்பத்தெட்டு நோட்டு, இருபது நிமிடம். பேல் மூட்டையைப் பிரிக்காமல் துணியின் கரையை மட்டும் விரலால் தடவித் தரம் சொல்ல அப்பா எனக்குப் பழக்கியிருந்தார். நோட்டையும் அப்படித்தான் பார்த்தேன். கொக்கி இருக்கிறதா, டிக். இல்லையா, சிவப்பு மையில் நானே மாட்டிவிட்டு, டிக்.

அலமாரியிலிருந்து அவள் நோட்டை எடுத்தேன். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை; வகுப்பு தொடங்குமுன் கடைசி பெஞ்சிலேயே எழுதிவிடுவாள். அக்கா முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ்ல சொல்லுங்க சார்.”

முதல் பக்கங்கள் சாதாரணம். பஸ் வந்தது, ஏறினேன். மழை பெய்தது, குடை இல்லை. பத்தாம் பக்கத்திலிருந்து பெட்டிகளுக்குள் வேறு சரக்கு ஏறியிருந்தது. அவள் எழுத்து சிறியது, தையல் போட்டது போல ஒரே அளவு.

“‘அவர் வந்தார். நான் தட்டு வைத்தேன். சோறு ஆறியிருந்தது. அவர் என் கையை அடுப்பில் வைத்தார்.’”

அக்கா நோட்டின் மேல் குனிந்தாள். “சிவப்புல என்ன?”

“அது நான் போட்டது.”

“என்னன்னுதான் கேக்குறேன்.”

வந்த‘போது’, வைத்தேன் ‘ஆனால்’, ஆறியிருந்தது ‘ஆகவே’. மூன்று கொக்கிகளையும் படித்தேன். ஓரத்தில் ஒரு வரி இருந்தது. அதை முழுங்கிவிடலாம் என்று பார்த்தேன். அக்காவின் விரல் ஏற்கெனவே அதன்மேல் இருந்தது.

“‘எப்படி வைத்தார் என்று ஒரு சொல் சேர்த்து மறுபடி எழுதவும்’னு இருக்கு.”

“எழுதினாளா?”

பக்கத்தைத் திருப்பினேன். எழுதியிருந்தாள். ‘அவர் என் கையை மெதுவாக அடுப்பில் வைத்தார்.’ அதன் கீழே என் டிக், வழக்கத்தைவிட நீளமான வாலோடு. பக்கத்தில் ‘வெரி குட்’.

கையில் கட்டோடு அவள் வந்த நாள் எனக்கு மறக்கவில்லை. என்னாச்சும்மா என்று கேட்டேன். “எழுதியிருக்கேன் சார்” என்றாள். வீட்டுப்பாடத்தைச் சொல்கிறாள், கெட்டிக்காரி, கட்டுப் போட்ட கையோடும் எழுதியிருக்கிறாள் என்று வகுப்பின் முன்னால் பாராட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் எழுதினாள். அதற்கு மறுநாளும். முப்பத்தொரு பக்கம்.

“தெனமும் சார் படிச்சுக் கையெழுத்துப் போடுறாருன்னு சொல்லுவா” என்றாள் அக்கா. “ஒருத்தருக்குத் தெரியும்க்கா, அது போதும், வேலைக்குப் போற வரைக்கும் தாங்கிக்குவேன்னு சொல்லுவா. நான்தான் கேட்டேன், தெரிஞ்ச மனுஷன் ஏன்டி ஒண்ணும் பண்ணலைன்னு. பெரிய மனுஷங்க யோசிச்சுத்தான் பண்ணுவாங்கன்னா.”

நோட்டு இல்லை, வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பாள் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். கடைக்காரன் பிள்ளைக்கு ‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இப்போது அதற்கும் நேரம் கடந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு இறங்கினேன்.

ஸ்டேஷனில் ரைட்டர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“வாத்தியாரே, நீலம் அவங்க எழுத்து. சிவப்பு?”

“என்னுது.”

“‘ஆகவே’ங்கிறதே உங்க கையெழுத்துல இருக்கே. அந்தாளு வக்கீல் வெச்சா என்ன கேப்பான்? சோறு ஆறினதுக்கும் கை சுட்டதுக்கும் முடிச்சுப் போட்டது வாத்தியார்தானேன்னு கேப்பான். வகுப்புல கதை எழுதச் சொல்லுவீங்களா?”

“இல்லை. நடந்ததைத்தான் எழுதச் சொல்லுவேன்.”

“அப்ப நடந்ததுன்னு தெரிஞ்சுதான் டிக் போட்டீங்க. ஒன்றரை மாசம்.”

“நான்... படிக்கலை.”

“படிக்காமயா வெரி குட்டு?” அவர் சிரிக்கக்கூட இல்லை. “படிச்சேன்னா, ஏன் யார்கிட்டயும் சொல்லலைன்னு ஒரு கேள்வி வரும். படிக்கலைன்னா நோட்டு வெறும் வீட்டுப்பாடம், குப்பை. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. சொல்லாதீங்க, எழுதியே குடுங்க.” ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். “தமிழ்ல போதும்.”

பாக்கெட்டில் கை விட்டேன். சிவப்புப் பேனாதான் இருந்தது. ரைட்டர் அதைப் பார்த்துவிட்டுத் தன் நீலப் பேனாவை நீட்டினார்.

அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் உடையில் ஆஸ்பத்திரி டெட்டால் வாடை. தேதி போட்டேன். என் பெயர், தொழில், முகவரி எல்லாம் சரசரவென்று வந்தன. பிறகு, ‘இந்த நோட்டின் எல்லாப் பக்கங்களையும் நான் பார்த்தேன்’ என்று எழுதினேன். கை அங்கே நிற்கவில்லை; பழகிய கை. தானாகவே ஒரு காற்புள்ளி வைத்து, ‘ஆனால்’ என்று எழுதிவிட்டது.

இங்கிலீஷ் தெரியாதவளுக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருந்தது. பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டு வந்து அந்தச் சொல்லின்மேல் நின்றது.

“இதுக்கு அப்புறம் என்ன சார் வரும்?”

ரைட்டரும் நிமிர்ந்து பார்த்தார். பேனா முனை தாளைத் தொட்டபடியே இருந்தது. அதன் அடியில் நீல மை ஒரு புள்ளியாக ஊறி, கடுகு அளவாகி, மெதுவாக, அவள் விரலை நோக்கிப் பரவிக்கொண்டிருந்தது.