பாண்டி வேன் நிற்கும் வாசல்

அன்று அந்தப் பாண்டிச்சேரி பள்ளியின் அலுவலக அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மரக்காணத்து உப்பள மேஸ்திரி தட்சணாமூர்த்தி, அவர் மனைவி வேலம்மாள், ஒன்பதாம் வகுப்பில் சேர வந்த மகள் கலைமதி, அட்மிஷன் பார்க்கும் சந்தியா மேடம், கூப்பிட்டு அனுப்பியதால் வந்து நின்ற வேன் டிரைவர் சுரேஷ். சடையப்பன் இல்லை. அவரும் இருந்தார் என்று ஊரில் சொல்பவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை.

சடையப்பன் தட்சணாமூர்த்திக்குச் சித்தப்பா மகன், பங்காளி. ஆறு வயது இளையவர். ஆரோவில்லில் வேலை. குலதெய்வத்துக்குப் படைக்கும்போது விபூதித் தட்டு முதலில் மூத்த வீடான தட்சணாமூர்த்தியிடம்தான் வரும். பிறகுதான் சடையப்பனிடம் போகும். அதில் இன்றுவரை மாற்றமில்லை. ஆனால் மூன்று வருஷமாகப் பாண்டிச்சேரி பள்ளி வேன் சடையப்பன் வாசலில் நின்று, அவர் மகள் ஜெயப்ரியாவை ஏற்றிக்கொண்டு போகிறது.

அந்த வேனின் ஹாரன் உப்பளம்வரை கேட்கும். விடியுமுன்னே பாத்தியில் இறங்கி உப்பு வாரும் ஆட்கள், அதைக் கேட்டதும் கையிலிருக்கும் பலகையைப் போட்டுவிட்டு, "சடையப்பன் வேன் வந்துடுச்சி, மணி ஏழு" என்று டீக்குக் கரையேறுவார்கள். மேஸ்திரி கையிலும் கடிகாரம் இருந்தது. அதை யாரும் கேட்பதில்லை. ஒருநாள் பத்து நிமிடம் முன்னதாகவே டீக்கு விட்டுப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை.

"இன்னும் வேன் வரலியே மேஸ்திரி" என்றாள் உப்பு வாரும் சகாயமேரி.

கலைமதி எட்டாவது முடித்ததும் தட்சணாமூர்த்தி மூன்று பள்ளிகளைப் போய்ப் பார்த்தார். எல்லா இடத்திலும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: வேன் எங்கே நிற்கும்? திண்டிவனம் பக்கத்துப் பள்ளி ஒன்றில், கோயில் தெருவுக்குள் சின்ன வண்டி வந்து அவர் வாசலிலேயே நிற்கும் என்றார்கள். அங்கே ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்தது. கணக்கு வாத்தியார் வேலையை விட்டுப் போய் ஆறு மாதமாகியிருந்தது. இருந்தும் அதையே முடிவு செய்திருப்பார். அதற்குள் கலைமதி அம்மாவோடு போய், ஜெயப்ரியா படிக்கும் பள்ளியின் நுழைவுத் தேர்வை எழுதி, நான்காவதாக வந்து தொலைத்தாள்.

"மூணு மணி வரைக்கும்தான் சீட்டு வெச்சிருப்போம் சார். அடுத்த பேரண்ட் வெளிய வெயிட் பண்றாங்க" என்றார் சந்தியா மேடம்.

"வேன் எங்க நிக்கும்?"

சுரேஷ் முந்திக்கொண்டான். "மரக்காணத்துல ஒரே ஸ்டாப்தான் சார். சடையப்பன் சார் வூட்டு வாசல்."

சடையப்பனுக்கும் சார். தட்சணாமூர்த்திக்குக் காது சுட்டது.

"எங்க வூடு கோயில் தெருவுல இருக்குது. மூத்த வூடு. அங்க வா."

"உள்ள வந்தா இந்த வண்டி திரும்பாது சார்."

"என் பொண்ணு போயி அவன் வாசல்ல காத்துக் கெடக்கணுமா? வேலம்மா, எழுந்திரு. திண்டிவனமே போதும்."

வேலம்மாள் எழுந்திருக்கவில்லை. "பாகம் பிரிக்கிறப்ப ரோட்டோரத்து மனைய வேணாம்னது யாருங்க? மூத்தவன் கோயில் பக்கந்தான் இருப்பான், ரோட்டுத் தூசி சின்னவனுக்குன்னு சொன்னீங்களே. அவரு தூசியத் துன்னுட்டு ஒக்காந்திருக்காரு. வேன் வருது."

சுரேஷ் சிரிப்பை அடக்க இருமினான்.

"அப்பா, நான் அவங்க வாசல்ல நிக்கல. எதிர்ல டீக்கடைகிட்ட நின்னு ஏறிக்கிறேன்" என்றாள் கலைமதி.

"அப்டி தனியா உட மாட்டேன்மா. ஈசிஆர்ல வண்டிங்க பறக்குது" என்றான் சுரேஷ். "பெரியவங்க யாராவது கையப் புடிச்சி ரோட்டத் தாண்டி உட்டாத்தான் ஏத்துவேன்."

மூன்றாக எட்டு நிமிடம் இருந்தது. மேசைமேல் கிடந்த படிவத்தில் மகள் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தாள். தகப்பன் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்சணாமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "அந்தப் பொண்ணு ஜெயப்ரியா, அது பரீட்சை எழுதுனப்ப எத்தனாவதா வந்துது?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க சார்."

"பதினேழு சார்" என்றான் சுரேஷ். "சடையப்பன் சாரே சொல்லியிருக்காரு."

தட்சணாமூர்த்தி பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் தகப்பனார் பெயரோடு சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் மாதத்திலிருந்து தினமும் காலை ஆறே முக்காலுக்கு உப்பளத்திலிருந்து வந்து, மகளோடு டீக்கடைப் பக்கம் நிற்கிறார். வேன் வந்ததும் அவள் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கிறார். "குட் மார்னிங் பெரியப்பா" என்கிறாள் ஜெயப்ரியா. கேட்டுக்குப் பின்னாலிருந்து சடையப்பன், "வாண்ணே, காப்பி சாப்ட்டுப் போ" என்கிறார். "வேல இருக்குது" என்று பதில் வருகிறது. உப்பளத்தில் ஹாரன் கேட்டால் இப்போது சிலர் "மேஸ்திரி பொண்ணு வேன்" என்கிறார்கள். சிலர்தான். யார் யார் இன்னும் பழைய பெயரைச் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மூத்த வீட்டுக்காரர் தினமும் காலையில் சடையப்பன் வீட்டில் காப்பி குடிக்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவர் வேன் படிவரைதான் போகிறார். குடிப்பது எதிர்க்கடையில், டீ.