சத்தமாக வைத்துக் கேட்பவர்கள்

நெமிலிச்சேரியில் ரயில் ஏறியதும், பாட்காஸ்ட் தொழிலைப் பற்றிய ஒரு பாட்காஸ்ட்டைக் கேட்க ஆரம்பித்தேன். நேயர்கள் எப்போதும் தனியாக, ஹெட்போனில்தான் கேட்கிறார்கள் என்றார் அதில் பேசிய நிபுணர். எத்தனை போனில் ஓடுகிறதோ அத்தனை பேர்தான் உங்கள் நேயர்கள். ஒரு வருடத்தில் நூறைத் தாண்டாவிட்டால் கடையைக் கட்டுங்கள் என்றார். ஏசி அறையில் உட்கார்ந்து சொல்வதற்கு என்ன? ஃப்ளாட் வாழ்க்கையைத் திட்டி நான் நடத்தும் 'அடுத்த கதவு' பாட்காஸ்ட் இன்னும் நாற்பதில் நிற்கிறது.

அது போதாதென்று, லேடீஸ் பெட்டியில் எதிர் சீட்டில் யாரோ போனைச் சத்தமாக வைத்திருந்தார்கள். சண்டை போடும் முடிவோடு ஹெட்போனைக் கழற்றினேன்.

போனில் என் குரல். தண்ணீர் மோட்டார் தகராறைப் பற்றிப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். ஐந்தாறு பெண்கள் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பொண்ணு நம்ம ஊட்டுக் கதையத்தான் சொல்லிகினு கீது," என்றார் போன் வைத்திருந்த அக்கா. நான் முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சத்தம் ஜாஸ்தியா கீதா? கொறைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க்கா," என்றேன். "இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க."