கோட்டுக்கு மேலே பெரிய ஐந்து

அன்ரனிட்டாவுக்குச் சலரோகம், அந்தச் சர்க்கரை வியாதி, கண்ணில் இறங்கிவிட்டது. ஆட்களின் முகம் தெரியும், பாட்டுத்தாளில் எத்தனை தட்டு என்று காட்டும் எண் தெரியாது. நெடுந்தீவுக் கோயிலின் பாடகர் குழுவைக் கைகாட்டி நடத்துகிறவளுக்கு இது சின்ன விஷயமல்ல. போன ஒத்திகையில் திருவிழாப் பாட்டு இரண்டு தரம் குலைந்து நின்றது. பங்குச் சுவாமியார் அவளைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமையும் இப்பிடியெண்டால் யாழ்ப்பாணத்திலையிருந்து ஒராளை எடுப்பிப்பம். குறை நினையாதையும்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. பாட்டுக் குலைந்தது உண்மை.

பாட்டுப் புதுசு. கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் நாலு குரலுக்கு எழுதி அனுப்பியது. நாலு தட்டாகப் போகும், திடீரென்று மூன்றாகும், பிறகு ஐந்தாகும். ஒரே மெட்டுத்தான், ஆனால் தட்டு ஒவ்வொரு சரணத்திலும் வேறு வேறு இடத்தில் மாறியது. அதுதான் அவளுக்குப் பாடமாகவில்லை. ஆண்களில் பாதிப்பேர் வலை இழுக்கிறவர்கள். நாலு எண்ணி இழுத்துப் பழகிய உடம்பு ஐந்தாவது தட்டுக்குக் காத்திராது. நாலு முடிந்ததும் மறுபடி இழுத்துவிடும். மாறுகிற இடத்துக்கு முன்னமே அவளுடைய கை எழுந்தால்தான் நிற்பார்கள். அவள் குனிந்து எண்ணைத் தேடுவதற்குள் அவர்கள் போய்விடுவார்கள்.

றொஷானி பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் படிப்பிக்கிறவள், குழுவில் மேற்குரல் பாடுகிறவள். பாட்டை எழுதிய மென்பொருள் அவளுடைய மடிக்கணினியில் இருந்தது. வெள்ளி மத்தியானம் இருவரும் அதற்கு முன்னால் குந்தினார்கள்.

முதலில் றொஷானி எல்லாவற்றையும் பெருப்பித்தாள். பக்கங்கள் மும்மடங்காகின.

"காத்துக்கு உந்தத் தாளெல்லாம் பிடிச்சுக்கொண்டு நிக்கவோ, கை காட்டவோ?" என்றாள் அன்ரனிட்டா.

பிறகு தாளக்குறி எண்களை மட்டும் பெருப்பித்தாள். அவை சுரம் எழுதும் ஐந்து கோடுகளுக்குள் கிடந்து வீங்கிச் சுரங்களை வலப்பக்கம் தள்ளின. கடைசி வரி அடுத்த பக்கத்தில் போய் விழுந்தது.

"ஆமென் எங்கை?"

"ஓடிட்டுது அக்கா."

அன்ரனிட்டா கதிரையில் சாய்ந்தாள். "விடும் றொஷானி. யாழ்ப்பாணத்து ஆள் வரட்டும். நான் பின்னாலை நிண்டு பாடுறன்."

"நீங்கள் பின்னாலை நிண்டு அந்தாளையும் நடத்துவியள். பேசாமல் இருங்கோ."

அமைப்புகளைத் திறந்து தேடிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றாள். தாளக்குறி எங்கே நிற்கவேண்டும்: ஒவ்வொரு குரலின் கோட்டுக்குள்ளுமா, எல்லாவற்றுக்கும் மேலேயா? மேலே என்று அழுத்தினாள். நாலு குரலுக்கும் நாலு தரம் இருந்த எண் மறைந்து, ஒன்றாக மேலே ஏறி நின்றது. இப்போது எவ்வளவு பெருப்பித்தாலும் ஒரு சுரமும் அசையவில்லை. தாளக்குறியில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு எண்; கீழ் எண் பாட்டு முழுக்க மாறவில்லை. அதை மறைத்து, மேல் எண்ணை இன்னும் வளர்த்தாள். முதல் வரியில் அது தலைப்போடு மோதியது. தலைப்பை உயர்த்தினாள். ஆமென் தன் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

அச்செடுத்த தாளை அன்ரனிட்டா கையை நீட்டித் தூரத்தில் பிடித்தாள். நாலு. மூன்று. ஐந்து. சின்னப் பிள்ளையும் வாசிக்கும் எண்கள். மிதப்புகளைப் பார்த்தால் கீழே வலை போகும் வழி தெரிவதுபோல, பாட்டுத் திரும்புகிற இடமெல்லாம் மேலே வெளியாகத் தெரிந்தது.

"அழுறியளோ?"

"இல்லை. வாசிக்கிறன்."

பின்னேர ஒத்திகைக்குச் சுவாமியாரும் வந்து கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். கீழ்க்குரல் பாடுகிற யாக்கோப்பு தாளை எட்டிப் பார்த்தான்.

"உதென்ன, குறிகட்டுவான் பஸ்ஸின்ரை நெத்தியிலை நம்பர் போட்ட மாதிரி?"

"உது எனக்கு. நீர் என்ரை கையைப் பாரும். பஸ்ஸைப் பிறகு பாக்கலாம்."

பாடத் தொடங்கினார்கள். நாலு நாலாகப் போனது. மூன்று வந்தது, ஒருமாதிரித் தப்பியது. இரண்டாம் சரணத்தில், ஐந்து இன்னும் தள்ளி நிற்கும்போதே அவள் கண்டுவிட்டாள். இடக்கை எழுந்து விரிந்தது. நாலாவது தட்டில் யாக்கோப்பின் தோள் வழக்கம்போல முன்னுக்குச் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது. எல்லாத் தோள்களும் நின்றன. அந்த ஐந்தாவது தட்டு முழுக்க, உப்பில் காய்த்துப்போன அத்தனை ஆண்களும் பிடித்த குரலை விடாமல் ஒருத்தியின் கையில் தொங்கினார்கள். கை விழுந்தது. நாலு குரலும் ஒன்றாக இறங்கின. கோயிலின் தடித்த முருகைக்கல்லுச் சுவர் இதற்கெல்லாம் அதிராது. பாடினவர்களுக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அடுத்த ஐந்து வந்தபோது அவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயமும் இருந்தது.

பாட்டு முடிந்தது.

"உது நாங்களோ பாடினது?" என்று யாக்கோப்பு மெதுவாகக் கேட்டான். பகிடிக்குக் கேட்கவில்லை.

சுவாமியார் எழுந்து முன்னே வந்தார். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாவுக்கு நீர்தான். யாழ்ப்பாணத்துக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்."

"ஓம் சுவாமி," என்றாள் அன்ரனிட்டா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, வெளிச்சத்தை மறைக்கிறியள். யாக்கோப்பு, மூண்டாஞ் சரணம்."