நில்லு என்றார்கள், குதி என்றார்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யானையைப் பற்றி எழுதத்தான் தேவாரம் என்ற ஊருக்குப் போனேன். சோளக்காட்டில் இறங்கிய யானையைப் பார்த்தவர்கள் ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு யானையைச் சொன்னார்கள். அலுத்துப்போய்ப் போடிக்கு பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தவசி, ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் யானையை விட்டுவிட்டு உக்கிரபாண்டி அண்ணன் கதையை எழுதச் சொன்னார். போடி வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. கண்டக்டர்தான் எங்களை இறக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்:

மேற்கு மலையில் மேகம் கவிந்த ஒரு மாலைப்பொழுதில், கடமையே உயிராகக் கொண்ட உக்கிரபாண்டி…

வேண்டாம். கடமையே உயிராகக் கொண்டவர்களைப் படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. தீயிலிருந்து தொடங்குகிறேன்.

2

1979. போடி பஜாரில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கி. கீழே மூட்டைகள், மாடியில் பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள், பச்சை தனி, வெளுத்தது தனி. மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தில் கீழே சாக்கில் தீப்பிடித்தது. படிக்கட்டு முழுக்கப் புகை. பெண்கள் சன்னலுக்கு ஓடினார்கள்.

போலீஸ் முதலில் வந்தது. தவசி அப்போதுதான் போடிக்கு மாற்றலாகி வந்திருந்தார். கூட்டம் நெருங்காமல் தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினார். கட்டு பிரமாதம். தீயணைப்பு வண்டியாலும் உள்ளே வர முடியவில்லை. மணியை அடித்துக்கொண்டு வண்டியில் நின்றவர் தீயணைப்பு நிலைய அலுவலர் உக்கிரபாண்டி. கயிறு அவிழ்வதற்குள் இரண்டு தரப்பும் பேசிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

ஒருவழியாகத் தீயணைப்பு ஆட்கள் தார்ப்பாயை விரித்துப் பிடித்து, குதி என்று கத்தினார்கள். போலீஸ்காரர்கள் குதிக்காதே, நில்லு என்று கத்தினார்கள். முத்துப்பேச்சி என்ற பெண் குதிக்கப் போனவள் கடைசி நொடியில் பின்வாங்கி, நிலைதவறி, தார்ப்பாயின் ஓரத்தில் பட்டுத் தரையில் விழுந்தாள். சுருளி என்ற தீயணைப்பு வீரர் ஏணியில் ஏறி மற்றவர்களை இறக்கினார். உயிர்ச்சேதம் இல்லை. முத்துப்பேச்சிக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தவசியும் இந்தப் பக்கம் உக்கிரபாண்டியும் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தரு நில்லுங்கிறீக, ஒருத்தரு குதிங்கிறீக. நான் யாரு பேச்சக் கேக்க? மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுட்டு வந்திருக்கலாம்ல?"

(இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லை, கேள்விதான் கேட்டாள் என்று தவசி அடித்துச் சொன்னதால் கண்ணீரை எடுத்துவிட்டேன்.)

இருவரும் வெளியே வந்து டீ குடித்தார்கள். இரண்டாவது டீயில் பேச ஆரம்பித்தார்கள்.

3

வேலையில் சேரும்போது மெட்ராஸில் கொடுக்கும் பயிற்சிதான். அதற்கப்புறம் ஒன்றும் கிடையாது. போலீசும் தீயணைப்பும் சேர்ந்து பழக ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் மேலே எழுதிப் போட்டார்கள். யோசனை நல்லது, நிதி இல்லை, உள்ளூரிலேயே சிக்கனமாக முடித்துக்கொண்டால் ஆட்சேபணையில்லை என்று பதில் வந்தது.

சிக்கனம் என்ற சொல் உக்கிரபாண்டிக்குப் பிடித்துப்போனது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் திட்டம் வளர்ந்தது. பஸ் முதலாளி ஒருவர் ஓட்டத்துக்கு ஆகாத பஸ்சின் கூட்டைச் சும்மாவே கொடுத்தார். சன்னல்களைத் தகரத்தால் அடைத்து உள்ளே ஈர வைக்கோலைப் புகையவிட்டால் அதுதான் புகை அறை. கூட்டத்தைச் சமாளிக்கப் பழகுவதற்குக் கூட்டத்துக்கு எங்கே போவது என்று உக்கிரபாண்டி கவலைப்பட்டார். நாம் கயிறு கட்டினாலே கூட்டம் வந்துவிடும் என்றார் தவசி.

மிச்சமிருந்தது கோபுரம். உயரத்திலிருந்து ஆட்களைக் கயிற்றில் இறக்கிப் பழக ஒன்று வேண்டும். முதலில் நாலு மாடியாக வரைந்தார்கள். உக்கிரபாண்டி வீட்டில் யோசித்துவிட்டு வந்து மூன்றாக்கினார். பிறகு இரண்டானது. தீபாவளி முடிந்தபோது, ஒரு வேப்பமரத்தில் ஏணியைச் சாத்தினால் போதாதா என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் "சிக்கனம் மாப்ளே" என்றார்.

4

இங்கே ஒரு சிக்கல். உக்கிரபாண்டிக்கு உயரம் என்றால் பயம்.

தீயணைப்பு அதிகாரிக்கு உயரம் பயமா, யார் நம்புவார்கள் என்று என் மனைவி கேட்டாள். அதனால் முதலில் எழுதிய பிரதியில், முழங்கால் வலி காரணமாக அவர்… என்று எழுதிப் பார்த்தேன். வலியை வைத்துக் கதை நொண்டியது. அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வாலிபத்தில் அவர் எந்த உயரத்துக்கும் கூசியதில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு, ஒருநாள் வீட்டு மாடியில் ரேடியோவுக்குக் கம்பி கட்ட ஏறியவருக்குக் கீழே பார்த்ததும் கண் இருட்டியது. உட்கார்ந்தபடியே படியிறங்கினார். அன்றிலிருந்து ஏணிக்கு மேலே சுருளிதான். கீழே நின்று உத்தரவு போடுவது இவர். கிட்டங்கித் தீயிலும் அப்படித்தான். வெளியே தெரிந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று எங்காவது ஓர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த நினைப்பே அவருக்குத் தீயைவிடச் சுட்டது.

5

இடம் கொடுத்தவர் மாயக்காள். மலையடிவாரத்து முந்தலுக்குப் பக்கத்தில் நிலம், மேலே மலையில் ஏலத்தோட்டம். பேச்சில் கறார். தன் தோட்டத்து ஜீப்பு டிரைவர்களையும் சேர்த்துப் பழக்கவேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. மலைமேல் காய் உலர்த்தும் ஸ்டோரில் தீப்பிடித்தால் உங்கள் வண்டி வந்து சேர்வதற்குள் சாம்பல்தான் மிஞ்சும் என்றார். நியாயம்தான்.

நிலத்தைச் சுற்றிப் பார்க்கும்போது உக்கிரபாண்டி ஒரு வேப்பமரத்தைக் காட்டி, ஏணியை அதில் சாத்திக்கொள்கிறோம் ஆத்தா, செலவு மிச்சம் என்றார். மாயக்காள் மரத்தைப் பார்த்தார். பிறகு, சரிவில் தென்னை உயரத்துக்குச் செங்குத்தாக நின்ற பாறையைக் காட்டினார்.

"மரம் எதுக்குய்யா? அந்தா, பாறை சும்மாதான நிக்கிது. காசா பணமா?"

அவருடைய சிக்கனம் அவரையே மடக்கிவிட்டது. உக்கிரபாண்டி தலையாட்டினார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று… (எனக்கு எப்படித் தெரியும்? விட்டுவிடுகிறேன்.)

6

திறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். அவர் பார்த்துத் திருப்தியானால்தான் அனுமதி. நிலைய அலுவலர் முதலில் கயிற்றில் இறங்கிக் காட்டவேண்டும் என்று ஏற்பாடு. உக்கிரபாண்டியும் தவசியும் பாறைக்குப் பின்னாலிருந்த ஒற்றையடிப்பாதையில் மேலே போனார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டியாகிவிட்டது. விளிம்புக்கு வந்ததும் உக்கிரபாண்டி உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, எனக்கு உசரம் ஆகாது."

"வேப்பமரத்துல ஏணி சாத்தலாம்னப்பவே தெரியும்ணே. கால் சுளுக்குன்னு நான் சொல்லிக்கிறேன். வாங்க, வந்த பாதையிலயே போயிருவம்."

உக்கிரபாண்டி வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு உட்கார்ந்தபடியே கீழே நின்ற ஆட்களைக் கூப்பிட்டார்.

"எனக்கு மெய்யாவே பயமா இருக்குப்பா. கண்ணு இருட்டுது. சன்னல்ல நிக்கிறவுகளுக்கு இப்பிடித்தான் இருக்கும். இப்ப என்னையப் பேசி எறக்குங்க. ஒருத்தர் மட்டும் பேசணும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

கீழே காக்கிச் சட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. யாரும் சிரிக்கவில்லை. பெரிய அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அனுமதி அன்றைக்கே கிடைத்தது. இதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாராம். உக்கிரபாண்டியை யாரும் நாற்காலிக்கு மாற்றவில்லை. ரெண்டு வருசம் கழித்து மலைமேல் ஒரு ஸ்டோர் பற்றியபோது ஜீப்பு டிரைவர்களும் போலீசும் தீயணைப்பும் சேர்ந்து நின்று, உள்ளேயிருந்த அத்தனை பேரையும் கீறலில்லாமல் கொண்டுவந்தார்கள்.

7

அவர் கயிற்றில் இறங்கினாரா என்றுதானே கேட்கிறீர்கள்?

பாதையில் தன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினார் என்கிறார் தவசி. கயிற்றில்தான் இறங்கினார், பிடித்ததே நான்தான் என்கிறார் சுருளி. இரண்டு பேருமே பெருமையாகத்தான் சொல்கிறார்கள். உக்கிரபாண்டியிடமே போய்க் கேட்டேன்.

"இப்பக் கீழதான தம்பி இருக்கேன்" என்றார்.

இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். கயிற்று முடிவில் கைதட்டல் அதிகம். பாதை முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எதையும் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. என் கதையில் அவர் இன்னும் பாறை விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறார். கீழே நிற்பவர்களில் நீங்களும் ஒருவர். மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு உங்களுக்கு வழிவிட்டு விலகிவிட்டார்கள்.

மெதுவாகப் பேசுங்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.