பத்திரத்தின் மகள்

கல்யாண அழைப்பு வந்த நாளிலிருந்து பத்திரத்துக்குச் சரியான தூக்கம் இல்லை. அழைப்பைக் கொடுத்தவன் அவனோடு வேலை செய்யும் சர்க்கரை. கல்யாணமும் சர்க்கரைக்குத்தான். பத்திரம் சிரித்தான், கட்டிப்பிடித்தான், முதுகில் தட்டினான். ஆனால் மனசுக்குள் வேறு கணக்குப் போட்டான். கல்யாணம் என்றால் பந்தி. பந்தி என்றால் நாலு பேர் அன்பாக நாலு விதமாக ஊட்டிவிடுவார்கள். குட்டியை எப்படிக் கூட்டிப்போவது?

குட்டி அவனுடைய ஒரே மகள். ஒன்றாம் வகுப்பு. கடலை, முந்திரி, பாதாம் என்று கொட்டை வகை எதுவும் அவள் உடம்புக்கு ஆகாது. அரித்துச் சிவந்து அடங்கிப்போகிற ஆகாது அல்ல. கைக்குழந்தையாக இருந்தபோது பக்கத்து வீட்டில் கொடுத்த பிஸ்கட்டில் கொஞ்சம் கடலைத்தூள் இருந்தது. கண்ணெதிரே உதடு நீலம்பாரித்து, மூச்சு அடங்கப் பார்த்தது. அன்று டாக்டர் இரண்டு ஊசிப் பேனாக்களைக் கொடுத்தார். தொடையில் வைத்து அழுத்தினால் மருந்து தானாக இறங்கும். குளிக்கும் நேரம் தவிர அவை இருக்கும் தோள்பையை அவன் கழற்றியதில்லை.

அவனும் சர்க்கரையும் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்கள். ஒருவன் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நிற்பான். இன்னொருவன் மோட்டார் அறையில் சுவிட்சைப் பிடித்திருப்பான். சுவிட்சுக்காரன் அசந்தால் கூண்டுக்காரன் கதை முடிந்தது. "பத்திரம், பத்திரம்" என்று வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி அதுவே இவனுக்குப் பெயராகிவிட்டது. தேநீரில் அள்ளிக் கொட்டுகிறவன் சர்க்கரை ஆனான். ஒருவன் உயிர் இன்னொருவன் கையில் இருந்து பழகிய நட்பு அது.

"அண்ணே, உங்க முகத்தப் பார்த்தாலே தெரியுது," என்றான் சர்க்கரை. "கொட்டையே இல்லாத கல்யாணம். சமையல்காரர்கிட்ட சொல்லியாச்சு. பொண்ணு வீட்லயும் சொல்லியாச்சு. குட்டி வராம நான் நிக்காஹ்ல சம்மதம் சொல்ல மாட்டேன்."

"இல்லடா... அவளை வீட்ல விட்டுட்டு நாங்க மட்டும்..."

"சரி, அப்போ சம்மதம் சொல்லல. பொண்ணோட அப்பாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

வீட்டில் மனைவியும் அவன் பக்கம் நிற்கவில்லை. "எத்தனை கல்யாணத்துக்குத்தான் வயித்துவலின்னு பொய் சொல்றது? பிள்ளையப் பெட்டியில வச்சுப் பூட்டவா முடியும்?" என்றாள். பூட்ட முடிந்தால் பூட்டுவான். அதை அவளிடம் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று காலையிலேயே சர்க்கரை அவனை மண்டபத்தின் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனான். ஆளே இறங்கிக் குளிக்கலாம் போன்ற பாத்திரங்களில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. பத்திரம் எண்ணெய் டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்தான். மசாலாவை முகர்ந்தான். கரண்டிகள் வேறெதிலும் பட்டவையா என்றுகூடக் கேட்டான். சமையல்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, பொண்ணு கொடுக்கும்போது என் மாமனார்கூட என்னை இப்படிச் சோதிக்கல," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பத்திரமும் சிரித்தான். அப்புறம் இன்னொரு முறை டின்னைப் படித்தான்.

ஆண்களுக்குக் கீழ்க்கூடம், பெண்களுக்கு மேல்மாடி. நிக்காஹ் முடியும்வரை குட்டியைத் தன் மடியிலேயே இருத்திக்கொண்டான். இமாம் ஓத, சர்க்கரை நடுங்கும் குரலில் சம்மதம் சொல்ல, எல்லோரும் கையேந்தி துஆ கேட்டார்கள். பத்திரத்துக்கு அந்த மொழி தெரியாது. தன் பங்குக்கு ஒன்றைக் கேட்டுக்கொண்டான். என்ன கேட்டிருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அப்பா, கல்யாண அக்காவப் பாக்கணும்," என்று குட்டி நச்சரிக்கத் தொடங்கினாள்.

படியேறி, பெண்கள் கூடத்துத் திரைக்கு வெளியே நின்றான். உள்ளேயிருந்து சர்க்கரையின் அம்மா வந்தார்.

"அம்மா, இவளை இவங்க அம்மாகிட்ட விட்டுடுங்க. வாயில மட்டும் எதுவும்..."

"எனக்குத் தெரியாதாப்பா? என் பையன் ஒரு மாசமா இதத்தானே ஓதுறான். நீ போய்ச் சாப்பிடு."

குட்டி திரைக்குள் மறைந்தாள். சட்டைப் பட்டன் ஒன்று அறுந்துபோனதுபோல் அவனுக்கு மார்பு திறந்து கிடந்தது. கீழே வந்தான்.

மேலே நடந்தது இது. சர்க்கரையின் அம்மா குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மாவைத் தேடினார். அதற்குள் யாரோ பந்தி போடும் சந்தேகத்தோடு வந்து அவரை இழுத்தார்கள். கூட்டத்தில் பிள்ளையைத் தனியே விட மனமில்லை. மேடையில் இருக்கும் மணப்பெண்ணின் பக்கத்தைவிடப் பாதுகாப்பான இடம் எது? அங்கே உட்கார வைத்து, "இவ நம்ம பத்திரத்தோட மகள், பாத்துக்கம்மா," என்றார். மேளமில்லாவிட்டாலும் கூடம் பெண்களின் பேச்சால் அதிர்ந்துகொண்டிருந்தது. பெண்ணின் காதில் 'பாத்துக்கம்மா' மட்டும்தான் விழுந்தது.

பெண் காலையிலிருந்து பதற்றத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. அவளுடைய கல்லூரித் தோழி ஒருத்தி பரிசாகக் கொண்டுவந்த பேரீச்சம்பழப் பெட்டி மடியில் இருந்தது. பேரீச்சம்பழம்தானே. ஒன்றை எடுத்துப் பக்கத்தில் கால் ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் வாயில் வைத்தாள். இன்னொன்றைத் தான் கடித்தாள். கொட்டை எடுத்த பழம். ஆனால் பல்லில் ஏதோ நறுக்கென்றது. துப்பிப் பார்த்தாள். கொட்டை இருந்த குழியில் ஒரு பாதாம்.

கொட்டையில்லாக் கல்யாணம். புருஷன் போனில் திரும்பத் திரும்பச் சொன்னது. ஒரு சின்னப் பெண். மருந்தோடு அலையும் அப்பா.

"பாப்பா, உன் பேரென்ன? நீ யாரு?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் மருதாணி விரலைப் பிள்ளையின் வாய்க்குள் விட்டுத் தோண்டினாள். பாதிதான் வந்தது. குட்டி இருமினாள். பிறகு, "நாக்கு குத்துது," என்றாள்.

மணப்பெண் கத்திய கத்தல் கீழே வரை கேட்டது.

கீழ்க்கூடத்தில் பெரிய தாலம் ஒன்றைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரம் முதல் கவளத்தை எடுத்திருந்தான். பெண் குரல்கள் கூட்டமாக எழுந்தபோது மற்றவர்கள் சிரித்தார்கள். கல்யாண வீட்டில் பெண்கள் கத்தாமல் வேறென்ன செய்வார்கள். அவனுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவனால் சொல்ல முடியவில்லை. சோற்றுக் கையோடு பையைப் பற்றிக்கொண்டு எழுந்தான். மண்டபத்து லிஃப்டில் ஆள் நிரம்பியிருந்தது. அப்படிப்பட்ட லிஃப்டை அவன் ஒருநாளும் நம்பியதில்லை, படிகளில் தாவினான். திரைக்கு முன் ஒரு கணம் கால் நின்றது. உள்ளே பெண்கள். அந்த ஒரு கணத்தை நினைத்து அவன் பின்னாளில் பலமுறை தன்னைத் திட்டிக்கொண்டான்.

"உள்ள வாப்பா! ஓடி வா!" சர்க்கரையின் அம்மாவே திரையைக் கிழிப்பதுபோல் விலக்கினார். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

மேடையில் அவன் மனைவி குட்டியைத் தூக்கி நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு தடித்துவிட்டது. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. மூச்சு விசில் அடித்தது.

"நிக்க வைக்காத! படுக்க வை!"

கனவில் எத்தனையோ முறை செய்த காரியம். கனவில் எப்போதும் பேனாவின் மூடி திறக்காது. இப்போது திறந்தது. கவுனின் மேலேயே தொடையில் வைத்து அழுத்தினான். சொடுக்கென்றது. எடுத்துவிடாமல் பிடித்திருந்தான். குட்டி அழவில்லை. அழ மூச்சில்லை. அதுதான் அவனைக் கொன்றது.

"ஆம்புலன்ஸ்!" என்று யாரோ கத்தினார்கள். "வர்றதுக்குள்ள நாம போயிடலாம். வண்டி வாசல்ல நிக்குது," என்றது சர்க்கரையின் குரல். மாப்பிள்ளை கோலத்தில் திரையைத் தாண்டி நின்றான். பூ சுற்றிய கல்யாண வண்டி அது. அவனே ஓட்டினான். பின் இருக்கையில் மனைவி மடியில் குட்டியின் தலை. கால்கள் மணப்பெண்ணின் மடியில், உயரத் தூக்கிப் பிடித்தபடி. அவள் எப்போது ஏறினாள், யார் ஏறச் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. செருப்புக்கூடப் போடவில்லை. பத்திரம் இருக்கைகளுக்கு நடுவே முழங்காலிட்டிருந்தான்.

"குட்டி, அப்பாவப் பாரு. கண்ண மூடாத. பாரும்மா."

குட்டி பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. விசில் மெலிந்தது. விசில் நிற்பது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது காதுக்குள் இரைந்தது.

"அடுத்தது, அடுத்தது போடுங்க," என்றாள் மனைவி.

வண்டி குலுங்கியதில் பேனா தொடையில் நிற்கவில்லை. மணப்பெண் குட்டியின் முழங்காலை இறுக்கிப் பிடித்தாள். தன் இன்னொரு கையால் அவன் மணிக்கட்டையும் பிடித்தாள். மூன்று கைகளாக அழுத்தினார்கள். முன்னால் சர்க்கரை ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். சாலையில் போனவர்கள் கல்யாண ஊர்வலம் என்று நினைத்துக் கையசைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலுக்குச் சற்று முன்னால் குட்டி ஓங்கரித்து வாந்தி எடுத்தாள். அதன் பிறகு அழுதாள். கட்டைக் குரல்தான், ஆனாலும் அழுகை. அந்த அழுகையைக் கேட்டுப் பத்திரமும் வாய்விட்டு அழுதான்.

சக்கர நாற்காலியோடு ஓடிவந்த ஊழியர் நேரே மணப்பெண்ணிடம் போனார். "பொண்ணுக்கு என்னங்க ஆச்சு? மயக்கமா?"

"எனக்கில்லைங்க. இவளுக்கு."

உள்ளே கொண்டுபோனார்கள். நால்வரும் வராந்தாவில் நின்றார்கள். மணப்பெண்ணின் பட்டில் வாந்தி காய்ந்துகொண்டிருந்தது. சர்க்கரையின் அம்மாவிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. பந்தியை நிறுத்திவிட்டு எல்லோரும் பிள்ளைக்காகக் கையேந்தி உட்கார்ந்திருக்கிறார்களாம். "பிள்ளை கண் முழிச்சிருச்சுன்னு சொன்னாத்தான் சோத்துல கை வைப்போம்," என்றாராம் பெண்ணின் அப்பா.

டாக்டர் வந்தார். "மூச்சு சீராயிடுச்சு. ஆனா சில நேரம் திரும்ப வரும். நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கட்டும்." திரும்ப வரும் என்பது மட்டும் பத்திரத்தின் காதில் தங்கியது.

மணப்பெண் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா, நான்தான் கொடுத்தேன். என் கையாலதான்."

பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். பரவாயில்லை என்பது பத்திரத்தின் உடம்பில் எங்குமே இல்லை. அவன் மனைவிதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "வாய்க்குள்ள விரல விட்டு எடுத்ததும் உங்க கைதானே. முழுசும் உள்ள போயிருந்தா?" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு அழுதார்கள்.

குட்டி மறுநாள் வீடு திரும்பினாள். குழந்தைகளுக்கே உரிய மறதியோடு பள்ளிக்கும் போனாள். பத்திரம்தான் திரும்பவில்லை. இரவில் எழுந்து அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். தன் வீட்டு அரிசியையே சந்தேகப்பட்டான். வேலையில் சர்க்கரையிடம் பேச்சு குறைந்தது. கோபமில்லை. அவனைப் பார்த்தால் பூச் சுற்றிய வண்டி ஞாபகத்துக்கு வந்தது.

நோன்பு மாதம் வந்தது, போனது. பெருநாளுக்கு முந்திய நாள் சர்க்கரை அவனைக் குடும்பத்தோடு வீட்டுக்கு அழைத்தான்.

"நாளைக்கு எனக்கு டூட்டிடா," என்றான் பத்திரம்.

"அண்ணே, உங்களுக்கு டூட்டின்னா எனக்கும் டூட்டி. நாம ரெண்டு பேரும் ஒரே லிஃப்ட்."

பத்திரம் ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

"கல்யாணம் ஆனதுல இருந்து அவ யாருக்கும் கையால ஒண்ணும் கொடுக்கறதில்லண்ணே," என்றான் சர்க்கரை, தாழ்ந்த குரலில். "எங்க அக்கா பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கச் சொன்னா கையப் பின்னால கட்டிக்கிறா. எனக்குச் சோறு போடறப்பகூடத் தட்டத் தள்ளி வச்சிட்டுப் போயிடறா. யார்கிட்ட சொல்றது?"

தன்னைப்போல் இன்னொருத்தி இருக்கிறாள் என்று அதுவரை பத்திரத்துக்குத் தோன்றியதில்லை.

போனார்கள். இரண்டு அறை வாடகை வீடு. சமையலறை மேடையில் எண்ணெய், மாவு, மசாலா எல்லாவற்றின் காலி உறைகளையும் பத்திரம் படிப்பதற்காகச் சர்க்கரையின் மனைவி வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். அதுவரை புழங்கிய பாத்திரங்களைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு எல்லாம் புதிதாக வாங்கியிருந்தாள். நண்பர்கள் நாலைந்து பேர் புதுச்சட்டையில் வந்து கட்டித் தழுவினார்கள். ஒருவரும் குட்டிக்கு எதையும் நீட்டவில்லை. முன்பே சொல்லி வைத்திருப்பாள்.

பத்திரம் எல்லா உறைகளையும் படித்தான். பிறகு தலையசைத்தான்.

"அக்கா, இதுல என்ன இருக்கு?" என்றாள் குட்டி, தட்டைக் காட்டி. இப்போதெல்லாம் அவளே கேட்கிறாள்.

"அரிசி, கோழி, எண்ணெய், மசாலா, உப்பு, வெங்காயம், தக்காளி," என்றாள் அவள். குரல் தடுமாறியது. "வேற ஒண்ணுமில்ல. அல்லாஹ் மேல ஆணை, வேற ஒண்ணுமில்ல."

"அப்போ ஊட்டிவிடுங்க."

அவள் பத்திரத்தைப் பார்த்தாள். பத்திரத்தின் கை பைக்குள் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது.

"கொடும்மா," என்றான்.

கவளம் குட்டியின் வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்தியது. குட்டி மென்றாள். இருவரும் அவள் உதட்டையும் கழுத்தையும் மூச்சையும் பார்த்தபடி, தாங்கள் மூச்சு விடாமல் இருந்தார்கள். பயம் போகவில்லை. பத்திரத்துக்கு அது ஒருநாளும் போகப்போவதில்லை. ஆனால் எதிரே அதே பயத்தோடு இன்னும் இரண்டு கண்கள் காவல் இருந்ததால் அவன் கை, பைக்குள்ளேயே, கொஞ்சம் தளர்ந்தது.

குட்டி விழுங்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் ரெண்டு பேரும் என் வாயையே பாக்கறீங்க? உங்களுக்கும் பசிக்குதா?"