லீவு லெட்டரில் வந்த காய்ச்சல்

பாண்டித்துரைக்கு பதினைந்து நாள் லீவு வேண்டும். தங்கச்சி ஜோதிமணியின் மகளுக்கு அடுத்த வாரம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கிற ஒரே மாமன், துபாயில் ஒரு தாய்லாந்து ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

லீவு தர வேண்டியவர் பிம் மேடம், தலைமைச் சமையல்காரர். தாய்லாந்து பாஷை தவிர வேறெதுவும் தெரியாது. என்ன சொல்வதென்றாலும் போனில் இங்கிலீஷில் அடித்து, அதை அவர் பாஷைக்கு மாற்றிக் காட்ட வேண்டும். "எனக்கு லீவு வேணும்" என்று இவன் அடித்துக் காட்டினான். மேடத்தின் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது.

"இப்படியா மொட்டையா கேப்பே? பணிவா எழுதுடா" என்றார் கேஷியர் சித்தீக் பாய்.

பணிவான இங்கிலீஷ் பாண்டித்துரைக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்த லீவு லெட்டர். காய்ச்சலால் அவதிப்படுவதால் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். சித்தப்பா கல்யாணத்துக்கும் அதே காய்ச்சல், திருவிழாவுக்கும் அதே காய்ச்சல். எந்த வாத்தியாரும் நம்பியதில்லை, எவரும் லீவு மறுத்ததுமில்லை. அதே லெட்டரில் இரண்டைப் பதினைந்தாக்கி மேடத்துக்கு அனுப்பிவிட்டான் நம்ம பாண்டித்துரை.

சமையல்கட்டே அலறியது. பதினைந்து நாள் காய்ச்சல்! அவன் தொட்ட தட்டையெல்லாம் வெந்நீரில் போட்டார்கள். அவனை சோனாப்பூரில் வேலையாட்கள் தங்கும் கேம்ப்புக்கு அனுப்பி, மூன்று நாள் ரூமிலேயே கிடக்கவைத்து, வேளாவேளைக்குக் கஞ்சியும் கொடுத்தனுப்பினார் மேடம். நாலாம் நாள் கிளினிக்கில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஆளுக்கு ஒன்றுமில்லை என்று.

மேடம் அந்தச் சீட்டையும் பார்த்தார், அவன் முகத்தையும் பார்த்தார். இனி லீவு ஏது, வேலையே இருக்குமா என்று பாண்டித்துரைக்கு அழுகை முட்டியது. இங்கிலீஷாவது மண்ணாவது என்று, போனைத் தமிழுக்கு மாற்றி வாயருகே பிடித்தான்.

"அக்கா, பொய்தான் எழுதிட்டேன், மன்னிச்சிருங்க. என் தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. என் மடியிலதான் அது உக்காரணும். நான் போகலேன்னா தங்கச்சி உடைஞ்சிரும். கொஞ்சம் மனசு வைங்கக்கா."

போன் அதைத் தாய்லாந்து பாஷையில் சொன்னது. மேடம் இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். அவர் ஊரிலும் மூத்தவர்களை அக்கா முறை சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். துபாய் வந்து ஆறு வருஷமாக அவர் வெறும் மேடம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் போனில் பேசினார்.

போன் ரேடியோச் செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தது: "தம்பி, பதினைந்து நாட்கள் சென்று வாருங்கள். திரும்பும்போது தயவுசெய்து காய்ச்சலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்."