அழித்த வரி

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த கலைப்பிரியாவுக்கு விழுப்புரத்து அரிபிரசாத்தோடு நிச்சயம் ஆகியிருந்தது. அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

அன்று கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டி, ஒரு பைத்தான் நிரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதும் திரையில் வருவதும் முழுக்க ஒரு ஃபைலில் பதிவாகிக்கொண்டிருந்தன. பயிற்சி நிலையத்தில் அப்படித்தான் கேட்பார்கள். நடுவில் அப்பா சக்கரபாணியின் போன்.

"மயிலத்துலயே மண்டபம் பேசிட்டேம்மா. சந்தோஷந்தானே?"

"சரிப்பா."

போனை வைத்ததும் விரல்கள் தாமாகத் தட்டின: எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

நிரல் பாதியில் நின்றுவிட்டது. எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. சாயங்காலம் அரிபிரசாத் போன் செய்தபோது அதைச் சொன்னாள். அவனுக்கும் கம்ப்யூட்டர் வேலைதான்.

"ரெக்கார்டு ஃபைல அனுப்பு, நான் பாக்குறேன்" என்றான்.

அனுப்பும் முன் அதைத் திரையில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தாள். அந்த வரி இல்லை. அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை பயிற்சிக்குப் போகும் பஸ்ஸில் படியில் நின்றிருந்தாள். கூட்டேரிப்பட்டை நெருங்கும்போது அவன் அழைத்தான்.

"பிரியா, இந்த ரெக்கார்டு அழிச்சதையும் சேத்துத்தான் புடிக்கும், தெரியுமா? திரையில ஓட்டுனா தெரியாது. எடிட்டர்ல தொறந்தா எல்லாம் அப்டியே நிக்குது."

அவனுக்குத் தெரிந்துவிட்டது. இனி அவள் 'ஆமாம்' என்று மட்டும் சொன்னால் போதும்.

"ஏதோ கோவத்துல தட்டிட்ட. அப்புறம் நீயேதான அழிச்ச? அதான் உன் மனசு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாத" என்று சிரித்தான். நல்ல மாதிரிதான் பேசினான். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குப் பதில் வந்திருக்கும்.

"இல்லீங்க, அது வந்து..."

"இன்னா, சொல்லு."

"படியில நிக்காதம்மா, ஜல்தியா உள்ள போ!" என்று கண்டக்டர் கத்தினார். கூட்டம் அவளை உள்ளே நெருக்கித் தள்ளியது.

"பஸ்ல இருக்கேங்க" என்றாள்.

"சரி சரி. உன் புரோகிராம்ல பெரிய தப்பு ஒண்ணுமில்ல, ஒரு பேர்ல ஒரு எழுத்து மாறிப் போச்சி" என்று அதை எப்படித் திருத்துவது என நிதானமாக விளக்கினான். அவள் "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள்.

அவன் சொன்னபடி திருத்தியதும் நிரல் கடைசிவரை ஓடியது. சாயங்காலம் மறுபடி அழைத்து, கல்யாணப் பத்திரிகையில் எந்த போட்டோ போடலாம் என்று கேட்டான்.

"எதுன்னாலும் சரிங்க" என்றாள்.